புற்றுக்கடியில் ஏழரைப் பவுன்

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். அதன் பின்பக்கம் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். கடப்பாரை ஒரு பானையில் போய் இடித்தது. அங்கே அறை கூட்டுகிற ராணியம்மாள் கையில் துடைப்பத்தோடு ஓடிப்போய்க் குழியை எட்டிப் பார்த்தாள். உடைந்த பானையின் வயிற்றிலிருந்து காசு காசாகச் சரிந்து கிடந்தது. அத்தனையும் பொன். மேஸ்திரி ஒன்றை எடுத்து லுங்கியில் துடைத்தான். நீண்ட மூக்கோடு ஒரு ஆம்பளைத் தலை தெரிந்தது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் சுற்ற வந்து அங்கேயே தங்குகிறவர் எழில். சென்னையில் ஏதோ ஒரு காலேஜில் சரித்திர வாத்தியார். அவரைக் கூட்டிவந்து காட்டினார்கள். மனிதர் குழிக்குள் இறங்கி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரோமாபுரிக் காசு. ரெண்டாயிரம் வருஷம் ஆயிருக்கும். யாரும் கை வைக்காதீங்க, தாலுகா ஆபீஸுக்குப் போன் பண்ணுங்க" என்றார்.

ஆளாளுக்கு ஒரு கேள்வி. என்ன விலை போகும், நமக்குப் பங்கு உண்டா, போலீஸ் வருமா. ராணியம்மாள் மட்டும் வேறு கேட்டாள்.

"பொதைச்சவன் ஏன் சார் வந்து எடுக்கல?"

"சண்டை வந்திருக்கும்மா. கொள்ளை நோய் வந்திருக்கும். வியாபாரத்துக்குப் போன இடத்துல செத்துப் போயிருப்பான். பொதைச்ச இடத்தை யார்கிட்டயும் சொல்லாம போயிட்டிருப்பான்."

"செத்துதான் போயிருக்கணுமா சார்? உசிரோட இருந்துகினே எடுக்க முடியாம போயிருக்கக் கூடாதா?"

எழில் சிரித்தார். "அது எப்படிம்மா? இடம் தெரியும், உசிரோட இருக்கான், போய் எடுக்க வேண்டியதுதானே? எது தடுக்கும்?"

மெத்தப் படித்த மனிதர்! ராணியம்மாள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டாள். மாடியில் மூன்றாம் நம்பர் அறையின் குளியலறையைக் கழுவப் போனாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தரையில் குந்தி, வாய்விட்டு அழுதாள். இந்த ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஜென்மம் அவள்தான்.

பேருதான் ராணி. கீழ்பென்னாத்தூர் போகிற வழியில், டவுனை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கண்ணாயிரம் நெல் மண்டியில் மூட்டை தூக்கினான். நல்ல மனுஷன், குடியில்லை, சூதில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகள் தேவிப்ரியாவுக்கென்று நகை சேர்த்தான். ராணியம்மாள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்ததும் சேர்ந்து ஏழரைப் பவுன் ஆயிற்று. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில் அவனை லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. அப்போது மகளுக்குப் பதினாலு வயசு.

காரியம் முடிந்த மறுநாளே கண்ணாயிரத்தின் அண்ணன் இராமலிங்கம் வந்து உட்கார்ந்தார்.

"தனியா கீற பொம்பள நீ. நகைநட்ட வூட்ல வச்சிக்காத. என் பீரோவுல வையி. பாப்பா கல்யாணத்துக்கு நானே கையால எடுத்துக் குடுக்கறேன்."

அந்த பீரோவின் லட்சணம் ஊருக்கே தெரியும். அவர் கூடப்பிறந்த தங்கச்சி தாலியறுத்து வந்தபோது அவள் நகையும் அதற்குள்தான் போயிற்று. அடுத்த போகத்தில் இராமலிங்கம் வீட்டு வாசலில் டிராக்டர் நின்றது. தங்கச்சி இன்றைக்கும் அந்த வீட்டில் சாணி அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

பேங்கில் வைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கே நகையை உரசிப் பார்க்கிறவன் இராமலிங்கத்தின் மச்சான். காலையில் அடகு வைத்தால் சாயங்காலம் மூத்தார் வாசலில் நிற்பார். வீட்டுக்குள் வைக்கலாமென்றால் அரிசி டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவுகிற ஆள் அவர். இரண்டு தரம் துழாவியும் விட்டார். முதல் தரம் முந்தானையிலும் இரண்டாம் தரம் தலையணை உறையிலும் இருந்ததால் தப்பியது. மூன்றாம் தரம் தப்பாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

வீட்டுக்குப் பின்னால் புறம்போக்கில் ஒரு வேப்பமரம், அதனடியில் ஒரு கரையான் புற்று. புற்றில் கடப்பாரை போட இந்தச் சீமையில் ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. இராமலிங்கத்துக்கும் கிடையாது, அவர் பெரியம்மா மகன் ஒருத்தன் புற்றை வெட்டி ஆறாவது நாள் கைகால் விளங்காமல் போனவன்.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றும்போது ஊரில் அத்தனை முகமும் மலையைப் பார்த்துத்தான் இருக்கும். மொட்டை மாடியில், வரப்பில், ரோட்டில், எங்கே நின்றாலும் சரி. "அரோகரா" என்று ஊரே கத்திய நேரத்தில் ராணியம்மாள் ஒருத்தி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். நகையை எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, புற்றின் அடியில் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து வைத்து மண்ணைத் தள்ளினாள். அப்புறம்தான் பார்த்தாள், புது மண் பளிச்சென்று தெரிந்தது. சட்டென்று ஒரு யோசனை. மஞ்சளைக் கரைத்து அந்த மண்மேல் மெழுகினாள். குங்குமம் வைத்தாள். ஒரு முட்டையை வைத்து, டம்ளர் பாலையும் ஊற்றினாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சரசுவிடம் போய், "யக்கா, புத்துல நாகம் பார்த்தேன். இத்தினி ஒசரத்துக்குப் படம் எடுத்து ஆடிச்சி. கைகால் எல்லாம் வெடவெடன்னு ஆயிடிச்சி" என்றாள்.

யாரும் கிட்டே போகக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய். அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

அடுத்த வாரம் இராமலிங்கம் வந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். ஒன்றும் சிக்கவில்லை. "எங்கடி நகை?" என்றார். "வித்துட்டேன் மாமா. அவரு ஆஸ்பத்திரிக் கடன் இருந்திச்சி" என்றாள். மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த தேவிப்ரியா அதைக் கேட்டாள். சின்னப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னால் எங்கேயாவது உளறிவிடும் என்று ராணியம்மாளும் விட்டுவிட்டாள்.

இரண்டு மாசம் போகட்டும், மூத்தார் கண் வேறு பக்கம் திரும்பட்டும், எடுத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. ஆனால் சரசு சும்மா இருக்கிறவளா? அவள் மகனுக்கு அம்மை போட்டிருந்தது. புற்றுக்குப் பால் ஊற்றி வேண்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் அம்மை இறங்கிவிட்டது. எப்படியும் இறங்க வேண்டிய அம்மை! யார் கேட்டது? அந்த வெள்ளிக்கிழமை ஏழு பெண்கள் வந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை ஜாஸ்தியாயிற்று. முட்டைக்கு எலி வந்தது. எலிக்குப் பாம்பு வந்தது. ஆமாம், அவள் வாயால் பொய்யாக ஆடவிட்ட நாகம் நிஜமாகவே அந்தப் புற்றில் குடிவந்துவிட்டது.

அது தெரியாமல் ஒரு உச்சிவெயிலில், ஊர் அசந்து தூங்குகிற நேரம் பார்த்து, ராணியம்மாள் களைக்கொத்தியோடு போனாள். நாலு கொத்துதான் கொத்தியிருப்பாள். புஸ் என்று ஒரு சத்தம். அவள் சொன்ன அதே உயரத்துக்கு அது எழுந்து நின்றது. அலறிப் புடைத்துக்கொண்டு விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பெண்கள் பாம்பையும் பார்த்தார்கள், எதிரே கையெடுத்துக் கும்பிட்டபடி நடுங்கிக்கொண்டிருந்த அவளையும் பார்த்தார்கள். "ராணிக்குதான்டி அம்மா மொதமொத காட்சி குடுத்தா, பாரு, இப்பவும் அவளுக்குதான் குடுக்கறா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது இராமலிங்கத்துக்கு மூக்கில் வியர்த்தது. தகரக் கொட்டகை போட்டார். உண்டியல் வைத்தார். மெயின்ரோட்டில் "சுயம்பு நாகாத்தம்மன் இங்கே" என்று தன் போட்டோவோடு ஃபிளெக்ஸ் கட்டினார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்தில் நாலு வேன் இந்தப் பக்கமும் திரும்பியது. அவரே தர்மகர்த்தா ஆனார். எவனிடமிருந்து ஒளித்து வைத்தாளோ அவனே அதற்குக் காவல்காரனாகி, கம்பிக் கதவு போட்டுச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டான். கீழே இருப்பது என்னவென்று அந்த ஆளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாம்பாவது பூரானாவது, கும்பாபிஷேகத்துக்கு முன்னாலேயே வெட்டி எடுத்திருப்பான் சண்டாளன்.

கும்பாபிஷேகத்துக்காகத் தரைக்குக் கான்கிரீட் போட முடிவாயிற்று. ராணியம்மாள் ஓடிப்போய்க் கெஞ்சினாள்.

"மண்ணாவே இருக்கட்டும் மாமா. அம்மாவுக்கு மூச்சு முட்டும்."

"புத்து வாய மட்டும் உட்டுட்டு சுத்திப் போடறோம்மா. டைல்ஸ் போட்டாதான் டவுன் ஜனம் வந்து உக்காரும். ஒனக்கு இன்னா தெரியும்?"

ஊர்ப் பெண்கள் வேண்டுதலாக ஆளுக்குப் பதினோரு சட்டி மண்ணும் ஜல்லியும் சுமப்பதென்று பேச்சு. முதல் காட்சி கண்டவள் அல்லவா, முதல் சட்டியை அவள் தலையில்தான் தூக்கி வைத்தார்கள். மேளம் அடித்தார்கள். கழுத்தில் மாலை போட்டார்கள். தன் மகள் நகைமேல் தானே ஜல்லியைக் கொட்டினாள். பதினோரு சட்டி! பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டினாள். மேஸ்திரி மட்டப்பலகையால் இழுத்து இழுத்துச் சமன் செய்தான். அதற்கப்புறம் அவள் மூன்று நாள் சோறு இறங்காமல் படுத்துக் கிடந்தாள். விரதம் என்று நினைத்து சரசு இளநீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தேவிப்ரியாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். மாப்பிள்ளை வல்லரசு, செய்யாறு பக்கம் கம்பெனியில் வேலை. அவனைப் பெற்றவள் எட்டுப் பவுன் என்றாள். ராணியம்மாள் ஒப்புக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? எப்படியாவது ஒரு வழி பிறக்கும் என்று முகூர்த்த நாள் வரைக்கும் நம்பினாள். பிறக்கவில்லை. சின்னக்கடைத் தெருவில் போய் கவரிங் வாங்கிவந்து பெற்ற பெண் கழுத்தில் போட்டாள். பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் ஓடியது. போன தை மாதம் மாமியார்க்காரி ஏதோ அவசரத்துக்கு மருமகள் செயினை அடகுக்கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரன் கல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான். கழுத்திலிருந்ததைத் தெருவில் வைத்துக் கழற்றி எறிந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. 'கவரிங்காரி' என்று பேரே வைத்துவிட்டார்கள். "எட்டுப் பவுனோட வர்றதா இருந்தா வா, இல்லன்னா அங்கயே கெட" என்று சொல்லி வல்லரசு அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை. தாலியைத் தவிர அவள் உடம்பில் நிஜத் தங்கம் ஒன்றே ஒன்றுதான்: காது குத்தியபோது கண்ணாயிரம் வாங்கிப் போட்ட குண்டுமணி அளவு கம்மல்.

வந்த அன்றைக்கே ராணியம்மாள் மகள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தேவிப்ரியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நைனா கடனுக்கு வித்துட்டேன்னு பெரியப்பாகிட்ட நீதானே சொன்ன? என் காதால கேட்டேன். இப்ப சாமிக்கு அடியில கீதுன்றியா? பழி போட ஒனக்கு வேற ஆளே கெடைக்கலயா?"

"சத்தியமாடி. ஒன் தலைமேல அடிச்சி சொல்றேன்."

"என் தலைய உடு. என் கழுத்துல பித்தளைய மாட்டி அனுப்பினவ நீ. ஒன் பேச்ச இனிமே எவ நம்புவா?"

அதோடு பேச்சு அற்றுப்போயிற்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஆறு மாசமாகப் பெற்றவளோடு ஒரு வார்த்தை கிடையாது. காலையும் மாலையும் நாகாத்தம்மனை நூற்றெட்டு சுற்றுச் சுற்றினாள் அந்தப் பெண். புருஷன் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் வேண்டுதல். அந்த வாழ்க்கைக்குக் கேட்ட விலை அவள் காலுக்குக் கீழேயே கிடந்தது, அதை மிதித்து மிதித்துச் சுற்றினாள். ராணியம்மாள் திண்டாடிப் போனாள். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கு ஷேர் ஆட்டோ ஏறுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ரோமாபுரிப் பானையைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு மூன்று நாளாக அதைப் புதைத்த ஆள் நினைப்புதான். எந்தத் தேசத்தானோ, எந்தச் சாதியோ. அவனும் செத்துப்போகவில்லை என்று அவளுக்கு நிச்சயம். இடம் தெரிந்து, உயிரோடு, கையெட்டும் தூரத்தில் பத்து இருபது வருஷம் நடமாடியிருப்பான். ஏதோ ஒரு வெட்கம், ஏதோ ஒரு பயம், வாயைத் திறக்கவிடாமல் அடித்திருக்கும். கடைசியில் எவனோ கக்கூஸுக்குக் குழி வெட்டும்போது அள்ளிக்கொண்டு போகிறான். தன் ஏழரைப் பவுனுக்கும் அந்தக் கதியா? முடியாது. சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

யாரிடம் சொல்வது? இராமலிங்கத்திடம் தனியாகச் சொன்னால் அவர் தனியாகவே தோண்டிவிடுவார், முடிந்தது கதை. ஊரே சாட்சியாக நிற்கும்போது சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஆடிக் கூழ். சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வரும். ஊர் காறித் துப்பட்டும், பொய்க்காரி என்று மயிரைப் பிடித்து அடிக்கட்டும், பெற்ற பெண் பிழைத்தால் போதும்.

அன்றைக்குக் கரகம் எடுப்பவளும் அவள்தான். தாலியறுத்தவள் ஆனாலும் முதல் காட்சி கண்டவள், வருஷா வருஷம் அவள்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஈரத் தலையை விரித்துவிட்டு, மஞ்சள் புடவை கட்டி, கழுத்தில் வேப்பிலை மாலையோடு வந்து நின்றாள். பம்பைக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். கரகத்தை இறக்கி வைத்தவள் அப்படியே புற்றுக்கு முன்னால் டைல்ஸ் தரையில் விழுந்து இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அறைந்தாள்.

"என்னுதுடா! இங்க இருக்கறது என்னுதுடா! எடுத்துக் குடுங்கடா!"

பம்பைச் சத்தம் ஒரு நொடி நின்றது. அப்புறம் முன்னைவிட இரண்டு மடங்கு எழும்பியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"அம்மா வந்துட்டா! அம்மா வந்துட்டா!" என்று சரசு கத்தினாள்.

"இன்னா வேணும் தாயே? வாயத் தொறந்து கேளு" என்று இராமலிங்கம் கையில் கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தார். கிண்டலாகக் கேட்கவில்லை, மனுஷன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"தங்கம்டா! என் ஏழரைப் பவுன் தங்கம்! இதுக்கடியில பொதைச்சி வச்சிருக்கேன். ஒடைச்சி எடுத்து எம் பொண்ணுகிட்ட குடுங்க! நான் சாமி இல்ல, நான் ராணி! நாகமும் இல்ல, ஒரு மயிரும் இல்ல, அன்னிக்கு நான் சொன்னது பொய்யி!"

"அம்மா கோவமா பேசறா" என்றார் பம்பைக்காரப் பெரியவர். "பொன்னு கேக்கறா. இம்மாம் பெரிய கோயில் கட்டி, ஒடம்புல ஒரு பொட்டுத் தங்கம் போட்டோமா அவளுக்கு? அதான் 'நான் சாமி இல்ல'ன்னு கோவிச்சிக்கறா."

ராணியம்மாள் எழுந்து ஓடினாள், கூழ் அடுப்பிலிருந்து கடப்பாரை போல ஒரு இரும்புக் கம்பியை உருவினாள். நாலு பெண்கள் கட்டிப் பிடித்தார்கள். ஐந்தாவதாக ஒருத்தி அவள் வாயில் வேப்பிலையை அடைத்தாள். மேலே பேச முடியவில்லை. அவள் உதறினாள், ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தலையை ஆட்டி ஆட்டி இல்லை இல்லை என்றாள், ஜனம் சாமியாடுகிறது என்றது. ஒரு கிழவி மூக்குத்தியைக் கழற்றித் தட்டில் போட்டாள். பின்னாலேயே மோதிரம், கால் பவுன் காசு, குழந்தை அரைஞாண். தட்டு நிறைந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேவிப்ரியா வந்தாள். இரண்டு காதிலிருந்தும் கம்மலைக் கழற்றினாள். ராணியம்மாள் அந்தக் கையைப் பிடிக்கத் துடித்தாள், பிடித்திருந்தவர்கள் விடவில்லை. கம்மலைத் தட்டில் போட்டுவிட்டு, ஆறு மாசமாகத் தன்னோடு பேசாத மகள் அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"எங்கிட்ட இருக்கறது இவ்ளோதான் தாயே. என் வூட்டுக்காரரு மனச மாத்திடு" என்று அழுதாள்.

இராமலிங்கம் ராணியம்மாள் வாயிலிருந்த வேப்பிலையை எடுத்துவிட்டு, நாக்கில் எரிகிற கற்பூரத்தை வைத்து, வந்திருந்த அம்மனை மலையேற்றினார். சேர்ந்த பொன்னில் அம்மனுக்குக் கவசம் செய்வதாக மைக்கில் அறிவித்தார். அதை மாட்டுவதற்குத் தோதாகத் தரைக்கு மேல் ஒரு அடி உயரத்துக்குப் புது மேடை, கிரானைட்டில்.

கவசம் வந்துவிட்டது. மேடையும் எழும்பிவிட்டது. அதற்கான மண்ணின் முதல் சட்டியை யார் சுமந்தார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. வல்லரசு இன்னும் போனை எடுக்கவில்லை. நாக்கு வெந்ததில் ராணியம்மாளுக்கு இப்போதெல்லாம் பேச்சும் கம்மி. தேவிப்ரியா காது ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க இரண்டு பக்கமும் துடைப்ப ஈர்க்கை ஒடித்துச் செருகிக்கொண்டிருக்கிறாள். விடிந்ததும் அவள்தான் முதலில் போய், அந்த மேடையைக் கழுவிக் கோலம் போடுகிறாள்.